வடிவம் மூன்று, பரப்பு ஒன்று

வேள்வி புரியும் வைதிக இல்லறத்தான் மூன்று அக்னிகளைப் பேணினான். இல்லத்துக்குரிய கார்ஹபத்தியம் வட்டம். அதிலிருந்து நெருப்பெடுத்து மூட்டப்படும் ஆஹவனீயம், தேவர்க்குரியது, சதுரம். முன்னோர்க்குரிய தட்சிணாக்னி அரைவட்டம். வடிவங்கள் வேறாயினும் மூன்றின் பரப்பும் சமமாதல் வேண்டும் என்பது விதி. தேவர்க்குப் பெரிது, இல்லத்துக்குச் சிறிது என்ற பேதத்துக்கு அங்கு இடமே இல்லை!

சமமாக்குவதுதான் கடினம். கருவிகளோ கயிறும் முளையும் மட்டுமே. 'சுல்பம்' என்றாலே கயிறுதான். வட்டத்தைச் சதுரமாக்க, விட்டத்தை 15 பங்காக்கி, 13 பங்கைப் பக்கமாகக் கொள்ளும் ஒரு வழியைப் போதாயன சுல்ப சூத்திரம் கூறுகிறது. பரப்பில் நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேல் குறையும். இது துல்லியமன்று என நூலே ஒப்புக்கொள்கிறது. சாஸ்திரத்தின் நேர்மை அத்தகையது. அளவுகோலும் கவராயமும் கொண்டு துல்லியமாக்குதல் ஒருபோதும் இயலாதென்பது 1882-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் லிண்டமன் வாயிலாக உறுதியாயிற்று. அக்குறையுடனேயே காலையும் மாலையும் அக்னிஹோத்திரம் நிகழ்ந்து வந்தது.