சாரிட்டி பட்லருக்குப் பட்ட கடன்

1821-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு விடுதலை வழக்கு வந்தது. மேரிலாந்தைச் சேர்ந்த சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண் தனக்கும் தன் இரண்டு குழந்தைகளுக்கும் விடுதலை கேட்டிருந்தார். பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்து அடிமையை அங்கே ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அவருக்கு விடுதலை உண்டு. சாரிட்டி பலமுறை எல்லை தாண்டி அழைத்துவரப்பட்டவர். தங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தாண்டிவிடும் என்றது அவர் தரப்பு. விட்டுவிட்டுத் தங்கியதைக் கூட்டக் கூடாது, ஒரே தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. நீதிமன்றம் இரண்டாவது வாதத்தை ஏற்றது. தாயும் பிள்ளைகளும் அடிமைகளாகவே திரும்பினார்கள்.

எதிர்த்தரப்பில் வாதாடி வென்றவர் கெட்டிஸ்பர்க்கில் தொழில் நடத்திய இளம் வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பிற்காலத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அடிமை முறையின் மிகக் கடுமையான எதிரியாக நின்றவரும் இவரே.

ஒரு வாழ்க்கையின் பிற்பாதி அதன் முற்பாதியை ஈடுசெய்யுமா?

வழக்கறிஞர் தொழிலின் பெயரால் ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. எல்லாத் தரப்புக்கும் வக்கீல் வேண்டும். கட்சிக்காரரின் குற்றம் வக்கீலைச் சேராது. குற்றம் சாட்டப்பட்டுச் சிறைவாசலில் நிற்பவனுக்கு இது முழுக்கப் பொருந்தும். அரசின் பலத்துக்கு எதிரே அவனுக்கு வேறு துணை கிடையாது. ஆனால் இந்த வழக்கில் சுதந்திரத்தை இழக்கும் நிலையில் இருந்தவர் சாரிட்டிதான். மறுபக்கம் கேட்டது மனிதர்கள் மீதான உடைமை உரிமை. அந்த வழக்கை ஸ்டீவன்ஸ் ஏற்காமல் விட்டிருக்கலாம். ஏற்றார், தன் திறமையை அதற்குக் கொடுத்தார். அவருடைய கூர்மையான சட்ட அறிவே அந்தக் குடும்பத்துக்கு எதிரான ஆயுதமாயிற்று. தொழில் தர்மம் என்ற சொல் இதை மூடப் போதாது.

அதன் பிறகு அவர் நடந்த பாதை வியக்கவைப்பது. 1838-இல் பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சாசனம் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையை மறுத்தபோது, அதை வகுத்த மாநாட்டின் உறுப்பினராக இருந்தும் கையெழுத்திட மறுத்தார். தப்பியோடிய அடிமைகளுக்காக நீதிமன்றங்களில் வாதாடினார். லங்காஸ்டரில் அவர் வீட்டுக்குப் பின்புறம் அகழ்ந்தபோது ஒரு நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி கிடைத்தது. தப்பி வந்தவர்களை ஒளித்துவைக்க அது பயன்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உள்நாட்டுப் போரின்போது, 1863-இல், தென்மாநிலப் படை அவருடைய இரும்பு ஆலையைக் கொளுத்தியது. அவர் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பை உறுதிசெய்யும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற முன்நின்று உழைத்தார். தான் விரும்பிய அளவுக்கு அது இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே அதற்கு வாக்களித்தார். 1868 ஆகஸ்டில் இறந்தபோது, நிறம் பார்த்து இடம் தரும் கல்லறைத் தோட்டங்களைத் தவிர்த்து, எல்லோரையும் ஏற்ற ஒரு சிறு தோட்டத்தில் அவர் விருப்பப்படியே அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வளவும் செய்தவரின் பழைய தவற்றை இன்னும் ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதாகத் தோன்றும். ஆனால் லட்சக்கணக்கானோர் பெற்ற விடுதலையைச் சாரிட்டியின் பெயரில் வரவு வைக்க யாருக்கும் உரிமையில்லை. கடன் பட்டது ஒருவரிடம், திருப்பித் தந்தது வேறு பலரிடம். மன்னிக்கும் உரிமையும் சாரிட்டிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் மட்டுமே உரியது. வரலாறு எழுதுபவர்களுக்கு அது கிடையாது.

அதற்காக ஸ்டீவன்ஸின் பெருமை குறைந்துவிடாது. தவறான பக்கம் நின்று வென்றவர்களில் பெரும்பாலோர் அந்த வெற்றியை நியாயப்படுத்தியே வாழ்ந்து முடிக்கிறார்கள். இவரோ, எந்தச் சட்ட நுணுக்கத்தால் ஒரு தாயை அடிமைத்தனத்துக்கு அனுப்பினாரோ, அத்தகைய நுணுக்கத்துக்கே இடமில்லாதபடி நாட்டின் சாசனத்தைத் திருத்தப் பாடுபட்டார். அமெரிக்க அரசியலில் இதற்கு இணையான மாற்றங்கள் குறைவு.

ஆகவே ஸ்டீவன்ஸின் வாழ்க்கையை எழுதுபவர்கள் சாரிட்டி பட்லரை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட வேண்டாம். 14-ஆவது திருத்தத்தைப் பேசும் அதே பக்கத்தில் அவர் பெயரும் இருக்கட்டும்.