எண்ணிக்கையும் அமானிதமும்

ஒரு நாட்டின் சட்டத்தைப் பெரும்பான்மையோர் மாற்றலாம். அந்நாட்டின் குடிமக்கள் யார் என்பதையும் அவர்களே தம் விருப்பம்போல் மாற்றலாமா?

விடை தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் இராமநாதபுரக் கரையிலுள்ள மண்டபம் முகாமே சாட்சி. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர், நோய்த்தடுப்புக்காக அங்கே தங்கவைக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். 1947-இல் அவர்களும் அவர்தம் சந்ததியாரும் வாக்களித்து அமைந்த நாடாளுமன்றமே, 1948-இல் குடியுரிமைச் சட்டம் இயற்றி அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் கூடாதென்ற 29-ஆம் பிரிவு அரசியலமைப்பில் இருந்தும் அவர்களைக் காக்கவில்லை. 1972-இன் புதிய அரசியலமைப்பில் அப்பிரிவே இல்லாது போயிற்று. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. பிறந்த மண்ணை விட்டு இராமேசுவரத்தில் வந்திறங்கியோர் பலர்.

இலங்கையைப் பழிப்பது எளிது. 2019-இல் நம் நாட்டுக் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, மண்டபம் முகாமின் இலங்கை அகதிகளுக்கும் அதில் இடமில்லை; எந்நாட்டு முஸ்லிம் அகதிக்கும் இடமில்லை.

பெரும்பான்மையின் தீர்ப்பே ஜனநாயகம் அன்றோ என்பர். மெய்தான். ஆயினும் சிலரை முன்னரே விலக்கிவிட்டுத் தலைகளை எண்ணுவது, படிக்கல்லைத் தேய்த்துவிட்டுத் தராசு பிடிப்பதற்கு ஒப்பாகும். அளவையில் குறைப்போரைத் திருமறை வன்மையாகக் கண்டிக்கிறது. ஆட்சி ஓர் அமானிதம்; அதனை ஒப்படைத்தவரையே வெளியேற்றுவது மோசடியன்றி வேறென்ன?