தாமரையும் கள்ளியும்

கன்னியாகுமரி ஜில்லாவின் சுசீந்திரம், தேரூர்க் குளங்களில் இலை விரித்து நிற்கும் தாமரை, பிராணவாயுவுக்குப் பஞ்சமான சேற்றில் வேரூன்றியும் அழுகாமல் வாழ்கிறதென்றால், மற்றச் செடிகள் பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் வைத்திருக்கும் சுவாசத் துவாரங்களை அது மேற்புறத்தில் வைத்திருப்பதும், அங்கே புகும் காற்று தண்டின் குழல்கள் வழியே கிழங்குவரை இறங்குவதும், மெழுகு படிந்த நுண்ணிய முகடுகள் நீர்த்துளியை ஒட்டவிடாமல் உருட்டித் தள்ளி அத்துவாரங்களை அடைபடாமல் காப்பதுமே காரணம். (இந்த மெழுகின் ரகஸ்யத்தை ஜெர்மானியத் தாவர சாஸ்திரி பார்த்லாட் 1997-இல் விளக்கிய பிறகு, வர்ணப்பூச்சு செய்கிறவர்கள்கூடத் தாமரைக்குச் சிஷ்யர்களாகிவிட்டார்கள்!)

அதே ஜில்லாவில், ஆடிக் காற்று ஆளைத் தள்ளும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வறண்ட சரிவில், சதுரக்கள்ளி நேர்மாறான விரதம் பூண்டிருக்கிறது: நீரை ஆவியாக்கிச் செலவழிக்கும் இலையைப் பெயரளவுக்குத் துளிர்த்து உதிர்த்துவிட்டு, உணவு சமைக்கும் உத்தியோகத்தைப் பச்சைத் தண்டிடமே ஒப்படைத்துவிட்டது. அதைக் குரூபமென்று இகழ்வது நம் அறியாமை. அகன்ற இலையோடு நின்றிருந்தால் அது பங்குனி வெயிலைத் தாண்டியிராது.

தோவாளைப் பூச்சந்தையில் தாமரை வாங்குகிறவர்கள், பூவை ஸ்வாமிக்குச் சாத்திவிட்டுக் காம்பை எறியுமுன் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். இலைத் தண்டில் உள்ளவை போன்ற காற்றுக் குழல்கள் அதிலும் வெறுங் கண்ணுக்கே தெரியும்.