ஊன்றுகோலை மறைத்து வைப்பதும் அடியே

நடக்க இயலாத ஒரு பெண்ணை வீட்டார் அடிப்பதில்லை. ஊன்றுகோலை மட்டும் எட்டாத மூலையில் சாத்தி வைக்கிறார்கள். இரவில் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்ல வேண்டுமே என்று பொழுது சாய்ந்த பின் தண்ணீர் கொடுப்பதில்லை. கேட்டால், "நாங்கதானே பாக்குறோம்" என்பார்கள். பார்ப்பது உண்மைதான். அந்த உண்மையே அவள் வாயை அடைத்து விடுகிறது. முறையிடப் போகவும் துன்புறுத்துகிறவர் கையைத்தான் அவள் பிடித்தாக வேண்டும்.

பணிவிடை செய்கிறவர் உடையவர் ஆகிவிடுவாரா? பதியில் பணிவிடை செய்பவர் பதிக்கு உரிமையாளர் அல்லர் என்பதை அன்புக்கொடி மக்கள் அறிவார்கள். வீட்டுக்குள் வந்ததும் அது மறந்து போகிறது.

பொறுப்பில் இருப்பவர் வேண்டுமென்றே உணவோ நீரோ மறுப்பதும், துணைக்கருவியைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. "குடும்ப விஷயம்" என்று அயலார் ஒதுங்க வேண்டியதில்லை. எவரும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். அவளை மீட்டுப் பாதுகாப்பாகத் தங்கவைக்க நடுவர் உத்தரவிடலாம்.

தனியாளாய் ஆண்டுக்கணக்கில் தூக்கிச் சுமந்த தாயின் சலிப்பும் பொய்யன்று. அது தண்ணீரை மறுக்க உரிமை தராது. ஆனால் வாரம் ஒரு நாளாவது அவளுக்கு ஓய்வு கொடுக்க நிழல் தாங்கலில் கூடுகிறவர்களால் முடியும். அப்படிப் போகிறவர், வீட்டார் அருகில் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும்: "அம்மா, தண்ணி குடிச்சியா? கம்பு எங்க இருக்கு?"