எச்சத்தை வைத்து ஆளை அளக்கலாமா?

எச்சம் என்ற சொல்லுக்குத் தமிழில் பல வேலை. இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம். வழக்கில் காக்கை போட்டது எச்சம். மண்ணுக்குள் கல்லாகிக் கிடப்பது தொல்லுயிர் எச்சம். ஒருவர் தகுதியானவரா இல்லையா என்பதை அவரது எச்சத்தில் பார்க்கச் சொன்னார் வள்ளுவர். பரிமேலழகர் அதற்கு நன்மக்கள் என்று உரை கண்டார். எம்.ஏ. பரீட்சையில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நானும். இப்போது அந்தக் குறளோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. எதையும் விட்டுச்செல்ல விடப்படாதவர்களை எதை வைத்து அளப்பது?

போன கோடையில் மொரப்பூரிலிருந்து குடும்பத்தோடு அரியலூர்ப் பக்கம் போனோம். சித்தி வாக்கப்பட்ட ஊர் அங்கே. சித்தப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் பக்கத்தில் வெட்டிக் கைவிட்ட குழி ஒன்றுக்கு, "மீன் பல்லு கெடைக்கும் வாங்க" என்று பிள்ளைகளைக் கூட்டிப் போனார். கடப்பாரை, சுத்தி, சல்லடை சகிதம் நாங்களும் போனோம். எங்கம்மா மொரப்பூர்ப் பக்கத்துக் குவாரிகளில் இருபது வருசம் ஜல்லி உடைத்தவர். மேட்டில் குந்திக்கொண்டு கேட்டார்: "கல்லு ஒடைக்கறதுக்கா காசு குடுத்து ரயிலேறி வந்தோம்? கூலி யாரு குடுப்பா?"

"நான் ஒடைச்ச கல்லுல ஒரு மீனுகூட வரலியே" என்றும் கேட்டார். வராது. தர்மபுரிப் பாறை ஏறத்தாழ 250 கோடி வருசப் பழசு, பூமிக்கடியில் வெந்து உருமாறியது. அது உண்டானபோது உலகத்தில் மீன் என்று ஒன்றே கிடையாது. காரை மண் வேறு. சுமார் 10 கோடி வருசத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் இன்று ஓடைகள் அரித்துக் கிடக்கும் களிமண் மேடு.

வெயிலில் மூன்று மணி நேரம் கிளறினோம். கிடைத்ததெல்லாம் தோட்டா மாதிரி நீண்ட கற்கள். பெலெம்னைட் என்கிறார்கள், கணவாய் போன்ற ஒரு பிராணிக்குள் இருந்த கெட்டித் தண்டு. மிச்ச உடம்பு போய்விட்டது. கடைசியில் என் மகள் சல்லடையில் ஒரு சுறாப் பல் நின்றது. சுண்டுவிரல் நகம் அளவு, மினுமினுப்புக்கூடப் போகவில்லை. "முழு மீன் எங்கப்பா?" என்றாள்.

சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். அது பெரும்பாலும் மக்கிப் போகும். பல்லோ ஆயுள் முழுக்க ஆயிரக்கணக்கில் விழுந்து விழுந்து முளைக்கும். ஆக, 10 கோடி வருசம் கழித்து அந்தக் கடலுக்குச் சாட்சி சொல்ல வருவது கடித்த பல். கடிபட்ட மெல்லுடம்புகள் எத்தனையோ தடமில்லை. அதற்காக அந்தக் கடலில் பற்கள் மட்டுமே நீந்தின என்று எந்த விஞ்ஞானியும் எழுதமாட்டார். நம்முடைய சரித்திரத்தைத்தான் கூச்சமில்லாமல் அப்படி எழுதுகிறார்கள்.

கருங்கல்லில் கட்டியவனுக்குக் கல்வெட்டு உண்டு. மண்சுவரும் பனையோலையும் நாலு மழைக்குத் தாங்காது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. எப்படி? வரி கழிக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில், வாய்க்காலோடும் சுடுகாட்டோடும் சேர்த்து. அங்கே இருந்தவர் ஒருவரின் பெயர்கூட அந்தப் பட்டியலுக்குத் தேவைப்படவில்லை.

மிஞ்சியதைக் கண்டெடுப்பதிலும் இதே கதைதான். கே, கன்லிஃப் என்ற மதராஸ் சிவில் உத்தியோகஸ்தர்கள் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் சேகரித்தவை லண்டனுக்குப் போயின. மீன் எச்சங்களை 1845இல் எகர்ட்டன் விவரித்து எழுதினார். நத்தை, சிப்பி வகைகளை 1846இல் ஃபோர்ப்ஸ் எழுதினார். அதில் சுருண்ட அம்மோனைட் ஒன்றுக்கு 'கேயி' என்றே பெயர். துரை பெயர் நத்தைக்கு இருக்கிறது. மண்வெட்டி பிடித்த கைக்கு என்ன பெயர்? சித்தப்பாவிடம் கேட்டேன். "சிப்பி, சங்குன்னு எத்தனையோ பாத்தோம். எல்லாத்தையும் லாரியில ஏத்தி மில்லுக்கு அனுப்பிட்டோம். எங்களக் கேட்டது யாரு?" என்றார்.

தோழர்கள் சிலர், நாமும் ஆண்டவர்கள்தான், தேடினால் நம் கல்வெட்டும் கிடைக்கும் என்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) நம்மைப் பூர்வ பௌத்தர் என்று சொல்லித் தேடிய தேடலை நான் மதிக்கிறேன், அது தொடரவும் வேண்டும். என் பிணக்கு வேறு. நாளைக்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்று முடிவானால்? நம் மரியாதையைக் கிடைக்கப்போகும் ஒரு கல்லில் கொண்டுபோய்க் கட்டிவைப்பது, அளக்கிறவனின் அளவுகோலை நாமே கையில் வாங்கிக்கொள்வதுதானே? ஆண்டிருந்தால்தான் மனுசனா? எங்கம்மா உடைத்த ஜல்லி எந்தெந்த ரோட்டுக்கடியிலோ கிடக்கிறது. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை.

இது வெறும் தத்துவ விசாரமும் இல்லை. 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தில் எங்கம்மாவின் அப்பாவும் கொஞ்சம் உழுதிருக்கிறார். அது கைமாறி எங்கோ போய்விட்டது. கேட்கப் போன அலுவலகத்தில், "ஒங்க தாத்தா அங்க இருந்தாருங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்று என்னைக் கேட்டார்கள். அம்மா முந்திக்கொண்டு, "நான் இருக்கனே சார்" என்றார். பரிமேலழகர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு அது உரையாகப் படவில்லை. "வாய்ச்சொல் செல்லாதும்மா, பேப்பர் கொண்டா" என்றுவிட்டார்.

அ-பதிவேட்டின் பழைய நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த நிலத்துக் கிணற்றில் உள்சுவர்க் கல் தன் அப்பா அடுக்கியது, எந்த வரிசை கோணல் என்றுகூடச் சொல்வேன் என்கிறார் அம்மா. அதையும் அவர் சொன்ன சொல்லிலேயே மனுவில் சேர்த்திருக்கிறேன்.