காவலன் இல்லாக் கணக்கு

கடவுளுக்கு அஞ்சாதவன் கயவனாவான் என்பது நெடுநாளாக உலவி வரும் வாதம். மேலே ஒருவன் கண்கொட்டாது பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் சித்திரகுப்தன் கணக்கு எழுதுகிறான். செத்தபின் அந்த ஏடு படிக்கப்படும். எண்ணெய்க் கொப்பரை காத்திருக்கும். ஆகவேதான் மனிதன் பொய் சொல்லத் தயங்குகிறான், களவாடக் கூசுகிறான் என்பர். கண்காணிப்பவன் இல்லையேல் ஒழுக்கமும் இல்லை என்பது அவர்தம் முடிவு.

இந்த முடிவு சரிதானா? சோதித்துப் பார்க்க நாம் கோயிலுக்கும் போக வேண்டாம், நீதிமன்றத்துக்கும் போக வேண்டாம். பனி மூடிய வீட்டுக் கொல்லை ஒன்றுக்குப் போனால் போதும்.

வட அமெரிக்காவிலே குளிர்காலம் கொடியது. மரங்கள் மொட்டையாக நிற்கும். மண் கல்லாக இறுகும். புழு பூச்சி கண்ணில் படா. அந்நாளில் வீட்டார் பலர் கொல்லையில் தட்டும் குழாயும் தொங்கவிட்டுச் சூரியகாந்தி விதையும் தினையும் இட்டு வைப்பர். உள்ளங்கைக்குள் அடங்கும் சிக்கடீ வரும். செந்நிறக் கார்டினல் வரும். சாம்பல் நிற ஜங்கோ தரையில் சிந்தியதைப் பொறுக்கும். கண்ணுக்கு இன்பம், அவ்வளவே என்றிருந்த இந்தப் பொழுதுபோக்கைக் கணக்காக்கினர் சிலர். 1976-இல், கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், லாங் பாயிண்ட் பறவை ஆய்வுக்கூடத்தார் எரிகா டன் அவர்களின் முயற்சியால் தீனித் தட்டுக்கு வரும் பறவைகளை எண்ணும் திட்டத்தைத் தொடங்கினர். 1987-ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதல் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் கைகோத்தது. கண்டம் முழுதும் பரவிற்று. ‘பிராஜெக்ட் ஃபீடர்வாட்ச்’ என்பது அதன் பெயர். நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும்.

எண்ணுவோர் யார்? ஓய்வு பெற்ற முதியோர், இல்லத்தரசியர், பள்ளிப் பிள்ளைகள், கடைக்காரர். பட்டம் கேட்பாரில்லை, குலம் கேட்பாரில்லை. கூலி உண்டா? இல்லை. அமெரிக்க நாட்டினர் ஆண்டுதோறும் கட்டணம் வேறு செலுத்திச் சேர்கின்றனர். காசும் கொடுத்து வேலையும் செய்கிறவர்களைக் கண்டு நம்மவர் நகைக்கக்கூடும். காசு கொடுத்துத் தம் பெயரைத் தட்டுக்காரர் வாயால் சொல்லக் கேட்டு மகிழ்வோர் நகைப்பதுதான் வேடிக்கை!

இனி, அவர்கள் எண்ணும் முறையைக் கேளுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாட்கள் நோக்க வேண்டும். ஒவ்வொரு வகையிலும், ஒரே நேரத்தில் ஒருசேரக் கண்ணில் பட்ட மிகப்பெரிய எண்ணை மட்டுமே எழுத வேண்டும். காலையில் மூன்று சிக்கடீ, நண்பகலில் நான்கு, மாலையில் இரண்டு எனக் கண்டால் எழுத வேண்டியது ஒன்பது அன்று, நான்கு. ஏன்? சிக்கடீ ஒரு விதையைக் கவ்விக்கொண்டு பறந்துபோய்க் கிளையில் வைத்து உடைத்துத் தின்றுவிட்டு மீண்டும் வரும் பழக்கமுடையது. ஒரே பறவை பத்து முறை வந்தால் பத்துப் பறவை ஆகிவிடாது. வந்தது அதுவா, அதன் உடன்பிறப்பா என்று சன்னலருகே அமர்ந்திருப்பவர் அறியார். அறியாததைக் கூட்டலாகாது. உண்மையில் வந்து போனவை நான்கினும் மிகுதியாகவே இருக்கலாம். இருப்பினும் எல்லோரும் ஒரே அளவுகோலால் அளந்தால்தான் இந்த ஆண்டையும் சென்ற ஆண்டையும், இந்த ஊரையும் அந்த ஊரையும் ஒப்பிட முடியும். ஊகித்த ஒன்பதைக் காட்டிலும் கண்ட நான்கு மேலானது.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. நான்கு கண்டவர் ஏழு என்று எழுதினால் தடுப்பவர் யார்? பொருந்தாத எண்ணோ, அப்பகுதியில் காணக் கிடைக்காத பறவையின் பெயரோ வந்தால் ஆய்வாளர் நிறுத்தி வைத்துக் கேட்பர். நிழற்படம் உண்டா என்பர். அது வரையில் காவல் உண்டு. ஆனால் நான்கு ஐந்தாவதை எந்தக் காவலனும் பிடிக்க முடியாது. தூங்கிவிட்டுப் பார்த்ததாக எழுதினாலும் பிடிக்க முடியாது. சொன்னால் பரிசில்லை; பொய் சொன்னால் தண்டனையில்லை; நரகம் பற்றிய பேச்சே இல்லை. ஆயிரமாயிரம் வீடுகளில், எவரும் பாராத அறையில், கையிலே எழுதுகோல். பெரும்பாலோர் கண்டதையே எழுதுகின்றனர்.

எப்படித் தெரியும் என்பர் வாதம் புரிவோர். பொய் பலவாறு சிதறும். ஒருவர் கூட்டுவார், ஒருவர் குறைப்பார், ஒரு வடிவம் பிறக்காது. இந்தக் கணக்கிலோ வடிவம் பிறக்கிறது. மஞ்சள் மார்பும் தடித்த அலகும் கொண்ட ஈவினிங் குரோஸ்பீக் என்னும் பறவை முன்னாளில் கூட்டங்கூட்டமாக வந்து தட்டைக் காலி செய்துவிட்டுப் போகும்; தீனி வாங்கிக் கட்டாது என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. 1988 முதல் 2006 வரையிலான கணக்குகளை ஆய்வாளர் அடுக்கிப் பார்த்தபோது, அதைக் கண்டதாகக் கூறிய இடங்கள் பாதியாகக் குறைந்திருந்தன. வந்த இடங்களிலும் கூட்டம் சிறுத்திருந்தது. ஒருவரும் அதைத் தனியே அறிந்திருக்க இயலாது. இந்த ஆண்டு நம் வீட்டுக்கு வரவில்லை, அடுத்த தெருவுக்குப் போயிருக்கும் என்றே ஒவ்வொருவரும் எண்ணியிருப்பர். ‘வரவில்லை’ என்று பலரும் எழுதியதால்தான், அடுத்த தெருவிலும் இல்லை என்பது புலனாயிற்று.

சுழி எழுதுவது எளிதன்று. வந்ததைச் சொல்ல எவர்க்கும் ஆவல். வராததைச் சொல்லக் கூச்சம். காத்திருந்த இரண்டு நாளும் வீணாயினவே, இதைப் போய் எழுதுவதா என்று மனம் சொல்லும். அதனால்தான் பறவையே வராத நாளையும் எழுதி அனுப்புங்கள் என்று திட்டத்தார் வற்புறுத்துகின்றனர். அற்புதம் கண்டோம் என்று ஊரெல்லாம் முழங்குவோரை நாம் அறிவோம். வேண்டிக்கொண்டோம், ஒன்றும் நடக்கவில்லை என்று எவரேனும் கோயிற்சுவரில் கல்வெட்டு வைத்ததுண்டா?

அறத்தைப் பற்றிப் பேசும்போது ஈகையை விட்டுவிட முடியாது. தீனி இடுவதும் ஈகைதானே? ஹவுஸ் ஃபிஞ்ச் என்பது அந்நாட்டின் மேற்குப் பகுதிப் பறவை. கூண்டிலிட்டு விற்கப்பட்டு, 1940-இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் திறந்துவிடப்பட்டு, கிழக்கெங்கும் பல்கிற்று. 1993-94 குளிர்காலத்தில், வாஷிங்டன் நகரையொட்டிய கொல்லைகளில், கண் வீங்கிப் புண்பட்ட ஃபிஞ்சுகளை வீட்டார் கண்டனர். கோழிகளிடம் முன்பே அறியப்பட்டிருந்த நோய்க்கிருமி அது. கண் தெரியாத பறவை தீனி தேடாது. பருந்துக்கும் பூனைக்கும் தப்பாது. சில ஆண்டுகளில் கிழக்குப் பகுதி முழுவதும் நோய் பரவி, ஃபிஞ்சுகளின் தொகையைப் பெரிதும் குறைத்தது. தீனித் தட்டின் துளைவிளிம்பிலே நோயுற்ற பறவையின் கண் உரச, அடுத்து வந்த பறவைக்கு அங்கிருந்தே தொற்றிற்று. அன்போடு தொங்கவிட்ட தட்டே நோயை ஊட்டிற்று!

தம் கொடையே கொலையாகிறது என்ற செய்தியைச் சேகரித்துத் தந்தவர்கள் அந்தக் கொடையாளரே. நோயுற்றவை எத்தனை, நலமானவை எத்தனை என்று அவர்கள்தாம் எழுதி அனுப்பினர். விதி என்று தலையில் அடித்துக்கொள்ளவில்லை. ஊழ்வினை என்று ஆறுதல் தேடவில்லை. தட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளுப்பு மருந்து கலந்த நீரால் கழுவுங்கள், நோய்ப்பறவை கண்டால் சில நாட்கள் தட்டையே எடுத்துவிடுங்கள் என்று இன்று அறிவுரை உண்டு. இட்டேன், புண்ணியம் சேர்ந்தது என்று திரும்பிப் பாராமல் போகிறவனின் ஈகை எவருக்காக? பெறுபவனுக்காகவா, தன் மறுமைக்காகவா? இட்ட சோறு உண்டவனை என்ன செய்தது என்று எண்ணிப் பார்ப்பவனையே நாம் ஈகையாளன் என்போம்.

படித்தவர் சிலர் வேறொரு குறை சொல்வர்: அறிவியல் அறிஞர்க்கு உரியது, அடுப்படியில் இருப்போர்க்கு அதில் என்ன வேலை என்று. பழைய குரல்தான், ஓதுவது எமக்கே உரியது என்ற குரல், மொழி மட்டும் மாறியிருக்கிறது. 1900 டிசம்பர் 25-ஆம் நாள் ஃபிராங்க் சாப்மன் என்பார், சுட்டு வீழ்த்தியவற்றை எண்ணிப் போட்டியிடும் வழக்கத்துக்கு மாற்றாக உயிருள்ளவற்றை எண்ணுவோம் என்று அழைத்தபோது முன்வந்தவர் இருபத்தேழு பேர். அந்தக் கணக்கு இன்றும் நடக்கிறது. 1970-க்குப் பின் வட அமெரிக்காவில் ஏறத்தாழ முந்நூறு கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் அறிஞர் அறிவித்தபோது, பொதுமக்கள் எண்ணித் தந்த இத்தகைய கணக்குகளே அதற்குப் பெரிதும் துணை நின்றன.

தமிழகத்திலும் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை எண்ணுகின்றனர். பள்ளிகளும் பங்கு கொள்கின்றன. ஆந்தை அலறினால் சாவு, காகம் கரைந்தால் விருந்து என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஆந்தை ஒன்று, காகம் பதினொன்று என எழுதக் காண்பது நமக்கு மகிழ்ச்சி. பிள்ளைகளை எண்ண வைப்பதில் உள்ள இடர்ப்பாடு வேறு. பெரிய எண்ணைச் சொன்னால் ஆசிரியர் மகிழ்வார் என்று நம்புகின்றனர். ஆண்டு முழுவதும் மதிப்பெண் காட்டி நாம் கற்பித்த பாடம் அது. வேலியோரம் கால்மணி நேரம் நின்றும் சிட்டுக்குருவி வராதபோது, “ஐந்து என்று போடட்டுமா ஐயா?” என்று கேட்கும் மாணவனிடம், சிட்டுக்குருவிக்கு நேரே சுழியும், அதன் பக்கத்தில் நாளும் நேரமும் எழுதச் சொல்கிறோம்.