நெருக்கமும் நீதியும்

எமது பாடசாலை முற்றத்தில் ரோஜாச் செடிகளை நெருக்கி நட்டுவிட்டோம். காற்றோட்டமின்றி இலைகளிற் கரும்புள்ளி நோய் படர்ந்தது. ஒன்றுவிட்டொன்றாக, வேரைப் பற்றிய மண்ணோடு பெயர்த்து அகல நட்டோம். செடியின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை; கேட்கவும் வேண்டியதில்லை.

மனிதரையும் அவ்வாறு பெயர்க்கலாமா? 1948இல் குடியுரிமையற்றோராக்கப்பட்ட மலையக மக்களை, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், எஞ்சிய 150,000 பேரின் விதி ஒத்திவைக்கப்பட்டது. அவர்களைக் கேளாமலே இவ்வெண்களை இரு அரசுகளும் முடிவு செய்தன. பெயர்க்கப்பட்டோர் பலர் இத் தலைமன்னார்த் துறையிலேதான் கப்பலேறினர். வேரோடு மண் செல்லவில்லை.

நெருக்கம் செடியின் குற்றமன்று, நட்டவனின் குற்றம். ஆயின் தேயிலைக்காக மனிதரைக் கொணர்ந்து நட்டவன் இலாபத்தோடு போனான். தண்டனையை உழைத்தவன் சுமந்தான். எவரை அகற்றுவது என்னுமுன், நட்டவன் யாரென்று கேட்பதே அறம்.